இஞ்ஞாசி கடையின் மூன்று ஆட்டங்கள்

கரட்டூரில் கூடைப்பந்து வளையம் மாட்டாத சுவரைக் காட்டு என்று யாராவது கேட்டால், காட்டுகிறவன் அரை நாள் அலைய வேண்டியிருக்கும். மாதா கோயில் காம்பவுண்டில் ஒன்று, பள்ளிவாசல் பின்சந்தில் ஒன்று, ரைஸ்மில் களத்தில் நெல் காய்வதற்கு மேலே ஒன்று, பால் சொசைட்டியில் கறவை மாடுகள் கட்டும் இடத்தில்கூட ஒன்று என்று மலையடிவாரத்து அந்தச் சின்ன ஊர் முழுக்க வளையங்கள் தொங்கின. அந்த ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்த இஞ்ஞாசி, ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் மத்தியானத்தில், பரணில் கிடந்த பழைய மஞ்சள் கேசட்டை எடுத்து, அதன் அடி இடுக்கில் வாயை வைத்து ஒரு ஊது ஊதி, மெஷினில் சொருகி, சுவிட்சைப் போட்டான். போட்டதும் ஊருக்கு எடை குறைந்தது.

எதிரே டீக்கடையில் மொக்கராசு ஆற்றிய டீ மேலே போனது போனதுதான். அவர் குவளையை நீட்டிக்கொண்டு காத்து நிற்க, அது ஒரு பழுப்பு நாடாவாக ஆற அமரத் திரும்பி வந்தது. குழாயடியில் பெண்கள் குடத்தை இடுப்பில் ஏற்ற ஒரு எம்பு எம்பியபோது குடத்தோடு தாங்களும் ஓட்டுக்கூரை உயரத்துக்குப் போய், அங்கே காய்ந்துகொண்டிருந்த வடகத்தைக் கால் படாமல் தாண்டி, அந்தப் பக்கத்துத் தெருவில் இறங்கினார்கள். மலைக்காற்று மாறி அடிக்கிறது என்று சிலர் சொன்னார்கள். மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை, இனிமேல் எதைக் காயப்போட்டாலும் மேலே கல் வைக்க வேண்டும் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் கரண்ட் போனபோது எல்லாரும் பொத்தென்று தரையில் விழுந்து, கரண்ட் வந்ததும் மறுபடி லேசானதில் இது இஞ்ஞாசி கடை மெஷின் செய்கிற வேலை என்று ஊருக்குப் புரிந்தது. ஏன் எப்படி என்று யாரும் கேட்கவில்லை, ஊர்ப் பொதுவில் ஒரு இன்வெர்ட்டர் வாங்கி அவன் கடையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மஞ்சள் கேசட் ஆதிகாலத்து ஆட்டம். அதன் ரிமோட்டில் இரண்டே பொத்தான்கள், ஒன்று கொடுக்க, ஒன்று எறிய. ஆகையால் கரட்டூர்க்காரர்களுக்கும் கையில் இருப்பதைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுப்பது அல்லது தூரத்தில் எறிவது என்ற இரண்டு காரியங்களே கைவந்தன, அந்த இரண்டை வைத்துக்கொண்டு சந்தை நடத்தினார்கள், சமைத்தார்கள், பாடம் நடத்தினார்கள். நேராகவும் பக்கவாட்டிலும் மூலைவாட்டிலும்தான் நடக்க முடிந்தது, வளைந்து நடக்க வழியில்லை. ஆற்றுப்பாலத்து வளைவில் ஊரே கோலப்புள்ளிகளை இணைக்கிற மாதிரி கோணல்மாணலாகப் போய்வந்தது. எதற்குள் எது விழுந்தாலும், தபால்பெட்டியில் கடிதம் விழுந்தாலும் வாயில் வடை விழுந்தாலும், வானத்திலிருந்து சூடான கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரு கைதட்டல் கேட்டது. இடது மூலையிலிருந்து எறிந்தால் எதுவும் தப்பாது என்பது அந்த ஆட்டத்தில் யாரோ விட்டுவைத்த ஓட்டை. அதைக் கண்டுபிடித்த பெண்கள் அடுப்படியின் இடது மூலையில் நின்றபடியே கத்தரிக்காயைக் குழம்புக்குள்ளும் பிள்ளைகளைத் தொட்டிலுக்குள்ளும் போட்டுப் பழகினார்கள்.

அந்தக் கேசட்டில் முகங்களும் குறைச்சல். நீள முகம், உருண்டை முகம், மீசை முகம், எப்போதும் இடப்பக்கம் பார்க்கிற முகம் என்று நாலே நாலைச் செய்துவிட்டு அதைச் செய்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்போல. ஊர் அந்த நாலு முகத்தைப் பங்கு போட்டுக்கொண்டது. மீசை முகம் பெண்கள் சிலருக்கும் வந்தது, அவர்கள் அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டார்கள். அடையாளம் தெரியாமல் பிள்ளைகள் வீடு மாறிச் சாப்பிட்டன, புருஷன்மார் வீடு மாறி அதட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் தையல்காரர் ஊருக்கே முதுகில் நம்பர் தைத்துக் கொடுத்தார். தைக்கிற வேகத்தில் ஒரே நம்பரைப் பலருக்கும் தைத்துவிட்டதால் குழப்பம் முன்னைவிட அதிகமாகி, ஊர் அதற்கும் சிரித்தது.

அந்த நாட்களில் கரட்டூரிலேயே அதிகச் சந்தோஷமாக இருந்தவள் அமலோற்பவம். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவள். மதுரையில் ஒரு போட்டியில் குதித்து இறங்கும்போது வலது முழங்கால் மடங்கிப்போய், அதோடு ஆட்டம் போய், விசிலும் லேசான நொண்டலும் மிஞ்சின. மஞ்சள் கேசட் போட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்து எறியச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது, பழைய ஞாபகத்தில் கை நீட்டினாள், கை போன பக்கம் உடம்பும் போனது, வளையத்துக்கு மேலே தலை வந்தது, மாதா கோயில் கோபுரத்து மணி தெரிந்தது, ரைஸ்மில் தகரக் கூரையில் ஒரு பூனை தூங்குவது தெரிந்தது. பந்தை உள்ளே போட்டுவிட்டு வளையத்தைப் பிடித்துக்கொண்டு வௌவால் மாதிரி தொங்கினாள். இறங்கியபோது முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. பொழுது சாயும்வரை அவள் குதித்தாள், பிள்ளைகள் எண்ணுவதை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள், அடுத்த நாளும் குதித்தாள், அதற்கடுத்த நாளும் குதித்தாள்.

இஞ்ஞாசிக்கு மட்டும் அந்த நாட்கள் வேறு மாதிரி போயின. பல வருஷமாக அவன் மனசில் அமலோற்பவம் இருந்தாள். அது அவளுக்குத் தெரியாது, அவன் சொன்னதில்லை. பள்ளி விட்டு அவள் அந்தச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். ஒரு அடி அழுத்தி, ஒரு அடி இழுத்து வருகிற அந்தச் சத்தம் சந்து முனையில் கேட்டதும் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, வாசலில் எதையாவது துடைக்கிற சாக்கில் நிற்பான். அவள் தலையசைப்பாள், அவனும் தலையசைப்பான், அன்றைய நாள் அவனுக்கு நிறைந்துவிடும். இப்போது நொண்டல் சத்தம் இல்லை. முகமும் ஊரில் கால்வாசிப் பேருக்கு இருக்கிற உருண்டை முகம். சாயங்காலமானால் உருண்டை முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்துக்கு மேலே மிதந்து போயின. அவன் அத்தனைக்கும் தலையசைத்தான், ரைஸ்மில் முதலாளி சம்சாரத்துக்குத் தலையசைத்ததற்கு விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான். மெஷின் சூடாகிறது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு மஞ்சளைப் பிடுங்கிவிட்டுச் சாம்பல் நிறக் கேசட்டைச் சொருகினான்.

சாம்பல் கேசட் சில வருஷம் பிந்தியது. ஊருக்கு எடை பாதி திரும்பியது. ஓட்டுக்கூரை வரைக்கும் போனவர்கள் இப்போது ஜன்னல் உயரத்தோடு நின்றார்கள். முகங்கள் ஏறக்குறைய சொந்த முகங்களாகின, தாடை மட்டும் செதுக்காத பலகைபோலச் சதுரமாக இருந்தது. புதிதாக இடிக்கிற பொத்தான் ஒன்று வந்ததால் ரேஷன் கடை வரிசையில் உற்சாகம் கூடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குரல் வந்தது. அது கோபுரத்துக்கும் மேலே எங்கோ இருந்து, கட்டைக் குரலில், கூடைப்பந்து வர்ணனை செய்தது. ஊரில் யார் எதைச் செய்தாலும் சொல்லியது. மொக்கராசு டீ கொடுத்தால் ‘அருமையான பாஸ்’ என்றது, சூசை சாமியார் பிரசங்கத்தில் தடுமாறினால் ‘பந்தை இழந்தார்’ என்றது. கையிருப்பில் கொஞ்சம் வாக்கியங்களே இருந்ததால் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னது. பேர்களை வாயில் கல் வைத்துக்கொண்டு உச்சரித்தது. அமலோற்பவம் என்று வராமல் ‘அமலோ... பாவம்’ என்று இழுக்க, ஊர் அதற்குச் சிரிக்க, அவளும் சிரித்தாள். அவளால் இப்போது வளையம் தொட முடியவில்லை. ஆனாலும் கால் பாதி நொண்டியது, பாதி எம்பியது, அதுவே பெரிது என்று தினம் மைதானத்துக்குப் போனாள்.

அந்தப் பாதி நொண்டல் சத்தம் வியாழக்கிழமை சாயங்காலம் சந்து முனையில் கேட்டது. இஞ்ஞாசி துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். கோபுரத்துக்கு மேலிருந்து குரல் கேட்டது.

“இஞ்ஞாசி பார்க்கிறார்.”

சந்தையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசைப் பிடித்தபடி நின்றார்கள்.

“இஞ்ஞாசி மீண்டும் பார்க்கிறார். அமலோ பாவம் நெருங்குகிறார். திறந்த வாய்ப்பு.”

மொக்கராசு டீயை ஆற்றாமல் வைத்தார். பேருந்து நிலையத்தில் கிளம்பப்போன பேருந்தை டிரைவர் அணைத்தார். இஞ்ஞாசி துணியால் கதவை, பிறகு தன் முகத்தைத் துடைத்தான். அவள் தலையசைத்தாள். அவன் தலையசைக்கக்கூட மறந்து நின்றான்.

“தயங்குகிறார். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தவறவிட்டார்.”

அமலோற்பவம் ஒரு கணம் நின்றாள். வானத்தைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை, நடந்துபோய்விட்டாள். இஞ்ஞாசி உள்ளே ஓடி, கைக்குக் கிடைத்ததை எடுத்து, கேசட் மெஷினை அணைத்துப் பக்கத்திலிருந்த புது மெஷினில் சி.டி.யைப் போட்டான்.

சி.டி. எல்லாவற்றிலும் நவீனம். ஊருக்கு முழு எடையும் வந்தது, அவரவர் முகம் மருவும் தழும்புமாக அவரவருக்கே வந்தது, நெற்றி வியர்வை ஒவ்வொரு முத்தாகத் தெரிந்தது. யார் தடுக்கி விழுந்தாலும் அவர் விழுந்தது நிதானமாக மூன்று கோணங்களில் ஊர் முழுக்க மறுபடி தெரிந்தது. எந்த வாசலில் நுழைந்தாலும் உள்ளே வீடு தயாராகும்வரை கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது. பசியோடு வந்தவர்கள் நிலைப்படியில் நின்று சுவரில் சுற்றும் ஒரு சின்ன வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் ரிமோட்டில் பொத்தான்களோ ஏராளம், அதுபோக விரலால் ஆட்டுகிற இரண்டு குச்சி வேறு; எந்தக் காலை முதலில் வைப்பது, எந்தத் தோளைத் திருப்புவது என்று ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்ய வேண்டியிருந்ததால், ஒன்றை நினைத்தால் வேறொன்று நடந்தது. மறுநாள் அமலோற்பவத்திடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று காகிதத்தில் வடை வாங்கிக்கொண்டு எதிரே போன இஞ்ஞாசி, அதை நீட்ட நினைத்து, தன்னையறியாமல் இடுப்பைத் திருப்பி, வடையை முதுகுக்குப் பின்னால் சுழற்றி, வழியே வந்த சூசை சாமியார் கையில் கொடுத்தான். சாமியார் நன்றி சொல்லிச் சாப்பிட்டார். அந்தக் காட்சியும் மூன்று கோணங்களில் தெரிந்தது. அமலோற்பவம் சிரித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள், சி.டி.யில் வலியும் துல்லியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. அடுத்த ஞாயிறு மாதா திருவிழாப் போட்டியில் பெண்கள் இறுதி ஆட்டம், எதிரணி ஆனைமடை. கேடயம் பல வருஷமாக ஆனைமடையிலேயே இருந்தது, அங்கே அதில் வெற்றிலை பாக்கு வைத்துப் பரிமாறுகிறார்கள் என்று கரட்டூரில் ஒரு பேச்சு உண்டு. போதாக்குறைக்கு அணியில் ஒருத்தி கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். அணித் தலைவி பர்வீன், அமலோற்பவத்திடம் படித்தவள், டீச்சரக்கா இறங்கினால்தான் அணி முழுசாகும் என்று சொல்லிவிட்டாள். ஆகவே அன்றைக்கு எந்த ஆட்டத்தைப் போடுவது என்று முடிவாக வேண்டும்.

பேச்சு சூடு பிடித்தது. வீட்டுப் பெண்களும் இளவட்டங்களும் மஞ்சள் பக்கம். ஆட்டம் என்றால் அதுதான் ஆட்டம், எடுத்தவுடன் விளையாடலாம், இடது மூலை இருக்கிறவரை தோல்வி கிடையாது என்றார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுந்து, தன் மகள் முதல் அடி வைத்ததைச் சி.டி. தனக்கு மூன்று கோணத்தில் காட்டியது, வேறு எந்தக் கேசட் அதைச் செய்யும் என்று கேட்டபோது சிலர் தலையாட்டினார்கள். மொக்கராசு ஒத்துக்கொள்ளவில்லை.

“அச்சு அசலா நம்ம ஊரு மாதிரியே இருக்குண்டா, அதுக்கு எதுக்குப்பா கரண்டு?” என்றார்.

சாமியார், வர்ணனைக் குரல் தன் பிரசங்கத்தைப் பற்றிச் சொன்னதை மன்னித்துவிட்டதாகவும், ஆனால் மறக்கவில்லை என்றும் தெரிவித்தார். இப்படியே மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போனது. கடைசியில் பர்வீன் எழுந்து, குதிக்கப்போகிற காலைத்தானே கேட்க வேண்டும் என்றாள். எல்லாரும் அமலோற்பவத்தைப் பார்த்தார்கள். மஞ்சள் என்பாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சிலர் வீட்டுக்குக் கிளம்பக்கூட எழுந்துவிட்டார்கள்.

“சாம்பல்,” என்றாள் அவள்.

பர்வீன் அவள் முழங்காலைப் பார்த்து, யோசித்துத்தான் சொல்கிறாளா என்று கேட்டாள்.

“மஞ்சள்ல பறக்கிறேன். ஆனா பறக்கிறது நான்தான்னு ஊருல ஒருத்தருக்கும் தெரியலை. சி.டி.ல நான்தான்னு தெரியுது, எந்திரிக்க முடியலை. சாம்பல்ல கொஞ்சம் நொண்டுவேன், கொஞ்சம் பறப்பேன்.” அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். “அப்புறம் அந்தக் குரலு. அது அன்னைக்குப் பாதியில நின்னுபோச்சு. மிச்சத்தைக் கேக்கணும்.”

மண்டபத்தின் பின்வரிசையில் இஞ்ஞாசியின் காது சிவந்தது. சிவந்ததை ஊர் மூன்று கோணத்தில் பார்த்தது.

திருவிழா ஞாயிறு ஆனைமடைப் பேருந்து ஆற்றுப்பாலத்தைத் தாண்டியதும் அதன் சக்கரங்கள் லேசாகத் துள்ளின. இறங்கிய பெண்கள் இரண்டு தரம் எம்பிப் பார்த்தார்கள், ஒருத்தி மற்றவளின் சதுரத் தாடையைப் பார்த்துச் சிரித்தாள், அவர்களுடைய நெட்டைத் தலைவி இடிக்கிற பொத்தான் இரண்டு அணிக்கும் உண்டுதானே என்று விசாரித்துத் திருப்திப்பட்டாள். இஞ்ஞாசி சாம்பல் கேசட்டை ஓடவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்து, கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்படி ஒரு ஆட்டத்தைக் கரட்டூர் அதற்கு முன் பார்த்ததில்லை. பெண்கள் ஜன்னல் உயரத்தில் இடித்துக்கொண்டார்கள், காற்றில் பந்து பறித்தார்கள், இறங்குவதற்குள் திட்டி முடித்துத் தரையில் கைகொடுத்துக்கொண்டார்கள். பர்வீன் மூலைவாட்டில் பாய்ந்தாள், ஆனைமடைத் தலைவி நடுவில் தூண்போல நின்றாள், அமலோற்பவம் ஒரு அடி அழுத்தி ஒரு அடி இழுத்து ஓடி ஒரு அடி பறந்தாள், குரல் தன் வாக்கியங்களை அள்ளி அள்ளி இறைத்தது, தாள மேளக்காரர்கள் அந்தக் குரலுக்கே தாளம் போட்டார்கள், ராட்டினத்தை நிறுத்திவிட்டு ராட்டினக்காரர்கள் வேலிமேல் ஏறினார்கள். புள்ளிகள் மாறி மாறி ஏறி, கடைசி நிமிஷத்தில் ஆனைமடை ஒரு புள்ளி முன்னால் நின்றபோது, பந்து அமலோற்பவத்தின் கைக்கு வந்தது.

“அமலோ பாவம் பார்க்கிறார்,” என்றது குரல். “நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்த வாய்ப்பு.”

அவள் எம்பினாள். எந்தக் காலில் எம்பினாள் என்று பிறகு ஊரில் விவாதம் நடந்தது, வலது காலில்தான் என்று பர்வீன் சத்தியம் செய்தாள். பந்து உயரமாகப் போய், வளைந்து இறங்கி, வளையத்துக்கும் பலகைக்கும் நடுவில் போய்ச் சிக்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

நடுவர் விசில் ஊதினார். குரல், “அமலோ பாவம்...” என்று தொடங்கியது. பந்து உள்ளே போனால் சொல்வதற்கு அதனிடம் வாக்கியம் இருந்தது, வெளியே போனால் சொல்வதற்கும் இருந்தது. இப்படிச் சிக்கிக்கொள்ளும் என்று அந்தக் கேசட்டைச் செய்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. குரல் இன்னொரு தரம் பேரைச் சொல்லிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. சாம்பல் கேசட் ஓடும்போது அப்படி ஒரு அமைதி ஊரில் விழுந்ததே இல்லை; பஞ்சுமிட்டாய் மெஷின் சுற்றுவது கேட்டது, தூரத்து அருவி கேட்டது.

அந்த அமைதியில் வேலியோரத்திலிருந்து ஒரு மெலிந்த குரல் வந்தது.

“டீச்சர், நான் பார்த்தது நிசம்தான்,” என்றான் இஞ்ஞாசி. “ரொம்ப வருசமாப் பார்க்கிறேன். கட்டிக்கிறீங்களான்னு கேக்கணும்னுதான் பார்க்கிறேன்.”

ஊர் அத்தனையும் அவன் பக்கம் திரும்பியது, ஆனைமடை உட்பட. அமலோற்பவம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

“மொதல்ல பந்து கீழே வரட்டும்,” என்றாள்.

ஆனைமடைத் தலைவிதான் எம்பிப் பந்தைத் தட்டிவிட்டாள். அந்த நேரத்தில் தனக்கும் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது என்று ஊர் திரும்பும் பேருந்தில் சொன்னாளாம். சிக்கிய பந்து அணிகளுக்கு மாறி மாறிப் போகும் என்ற விதிப்படி இந்த முறை அது கரட்டூருக்கு. அமலோற்பவம் கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே எறிய, பர்வீன் வாங்கின கையோடு சுற்றி, இரண்டு பேருக்கு நடுவில் பக்கவாட்டாக நழுவி மேலே போய், பந்தைப் பலகையில் ஒரு முத்தம்போல வைத்தாள். அது உள்ளே விழுந்தது. கட்டிவைத்திருந்த குரல் பிய்த்துக்கொண்டு, தான் அறிந்த அத்தனை வாக்கியங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொல்லித் தீர்த்தது.

கேடயத்தை யார் வாங்கினார்கள், யார் தலையில் வைத்து ஆடினார்கள் என்று அமலோற்பவம் கவனிக்கவில்லை. வேலிப் பக்கம் வந்து நின்றாள். மெஷின் ஓடும்போது சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றாள். யாருக்கு எந்தப் பொத்தானை யார் அழுத்துகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

“அணைச்சிட்டு வந்து சொல்லுங்க. இல்ல, அணைச்சிட்டு அங்கனயே நில்லுங்க. என் காலு வலிக்க வலிக்க, நானே நடந்து வந்து கேக்குறேன்.”

இஞ்ஞாசி கடைக்கு ஓடினான். ஆடிக்கொண்டிருந்த ஊர், கொஞ்ச நேரத்தில், ஆடிய இடத்திலேயே தொப்பென்று கனத்தது. மேளம் தரைக்கு வந்தது, சதுரத் தாடைகள் பழையபடி உருண்டையாகின, மாலைகள் தோளை அழுத்தின. வானத்தில் ஒன்றும் இல்லை. அமலோற்பவம் முழங்காலை ஒரு கையால் பிடித்து நிமிர்ந்து, ஒரு அடி அழுத்தி ஒரு அடி இழுத்துக் கடைத்தெரு வழியாக நடந்தாள். பின்னால் ஊர் வந்தது, சாமியார் வந்தார், ஆனைமடை அணி வந்தது. சந்து முனை வந்ததும் எல்லாரும் தாங்களாகவே நின்றுகொண்டார்கள். அவள் மட்டும் சந்துக்குள் போய், கடைக்குள் நுழைந்தாள்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. சொல்வதற்கு மேலே குரலும் இல்லை. ஊர் பொறுத்தது, பொறுத்தது, பொறுக்க முடியாமல் போனபோது பர்வீன் சந்துக்குள் போய், கடைப் படியில் ஏறி, கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். உள்ளே டி.வி. கறுப்பாக இருந்தது. டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து வலது காலை ஸ்டூலில் நீட்டியிருந்தாள். இஞ்ஞாசி எதிரே நின்று கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னான், நடுவில் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினான். அவள் கடைசிவரை கேட்டாள்.

பர்வீன் திரும்பிப் படியிலேயே நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

“அமலோற்பவம்,” என்று, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் இடத்தில் வைத்து, ஊருக்குச் சொன்னாள், “சரின்னுட்டாங்க.”

சந்து முனையில் எல்லாரும் குதித்தார்கள். யாரும் ஒரு முழத்துக்கு மேல் எழும்பவில்லை. மொக்கராசு ஒரு சாண்கூட எழும்பவில்லை. விழுந்தார்கள், ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள், மறுபடி குதித்தார்கள்.